செவலைக்குச் சொறி

ஜனவரி 8
செவலை நாயின் காது மடல் ஓரத்தை விரலால் தேய்த்தாலே பின்னங்கால் சொறிய எழுகிறது. முழங்கையிலும் கணுக்காலிலும் மயிர் கொட்டி, தோல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சார்காப்டிஸ் என்கிற சொறிப் பூச்சிதான்.

பிளேடில் பாரஃபின் தொட்டு அகலமாகச் சுரண்டியது. இந்தப் பூச்சி தோலின் மேலடுக்கில் வளை பறிக்கும்; ஆழம் வேண்டாம், பரப்புதான் வேண்டும். டெமோடெக்ஸ் என்கிற இன்னொரு பூச்சி என்றால் தோலைப் பிதுக்கி ரத்தம் கசியுமட்டும் சுரண்டணும், அது மயிர்க்காலுக்குள் குடியிருப்பது. சிலைடில் ஒன்றும் அகப்படவில்லை. சார்காப்டிஸ் அகப்படாமல் போவது வழக்கம். மருந்து போட்டு அரிப்பு அடங்குதான்னு பார்க்க வேண்டியதுதான்.

ஜனவரி 9
எடை 15 கிலோ. தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, ஆள் எடையைக் கழித்தது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஐவர்மெக்டின் (பூச்சியைக் கொல்லும் மருந்து), ஆக 3 மில்லிகிராம். ஒரு சதவீத மருந்தில் 0.3 மில்லி, தோலுக்கடியில். குப்பி மாட்டுக்குப் போடுகிற அதே குப்பி, கண்மதிப்புக்கு இங்கே இடமே இல்லை. இன்சுலின் சிரிஞ்சும் ஆகாது: அதில் 40 கோடு ஒரு மில்லி. 30ஆம் கோட்டை 0.3 என்று படித்தால் 0.75 உள்ளே போய்விடும். கோலி என்கிற வெளிநாட்டு இனமோ அதன் கலப்போ ஆன நாய்க்கு இந்த மருந்தையே நினைக்கக் கூடாது. மூளைக்கு ஏறித் தள்ளாடி விழலாம். செவலை நாட்டு நாய்.

ஜனவரி 11
ஒருத்தர் யோசனை: "பழைய இஞ்சின் ஆயில் பூசிவுடுங்க, போயிருமுங்க." நக்கினால் குடலுக்கும் கல்லீரலுக்கும் கேடு. தோலும் வெந்துபோகும்.

ஜனவரி 12
அரிப்பு கூடியிருக்கிறது. பூச்சி செத்தாலும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள்ளேதானே. அரிப்பை அடக்க ஸ்டீராய்டு கேட்கிறார்கள். டெமோடெக்ஸாக இருந்தால் அதில் முற்றிவிடும். டெமோடெக்ஸ் இல்லை என்று உறுதியாகாமல் தொட மாட்டேன்.

ஜனவரி 16
நோம்பி. மறுபடி ஆயில் பேச்சு.

ஜனவரி 23
15.5 கிலோ, 0.31 மில்லி. மருந்து முட்டையைக் கொல்லாது. பொரிந்து வருவதற்குத்தான் இரண்டாவது ஊசி. சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கிற மற்ற நாய்களுக்கும் எடை பார்த்துப் போட்டாயிற்று, சொறியாதவையும் சேர்த்து. ஒன்றை விட்டால் அதிலிருந்து திரும்பத் தொற்றும். படுத்த சாக்கையெல்லாம் எரித்தாயிற்று. பண்ணையாளின் முன்கையில் சிவந்த பொரி. மனுசர் தோலில் அது பெருகாது, நாய் தேறினால் தானாக அடங்கும்.

ஜனவரி 29
பக்கத்துத் தோட்டத்துக் குட்டிக்குக் கண்ணோரம் வழுக்கை. அரிப்பே இல்லை. இது டெமோடெக்ஸ், தாயிடம் பால் குடிக்கையில் வந்தது, மற்ற நாய்க்கு ஒட்டாது. ஒன்றிரண்டு திட்டு என்றால் பெரும்பாலும் தானே ஆறும்.

பிப்ரவரி 6
மூன்றாவது ஊசி, 0.32 மில்லி. முழங்கையில் மயிர் முளைக்கிறது. குட்டிக்கு உதட்டோரத்தில் புதுத் திட்டு, நாளைக்கு ஆழச் சுரண்டணும்.