போர்ட் ஆர்தர் ஷட்டவுனும் ஜானிஸ் சண்டையும்

2016 பிப்ரவரில டெக்ஸாஸ்ல போர்ட் ஆர்தர்ங்கற ஊருக்கு ஒரு ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்கு போயிருந்தேன். அங்க ஷட்டவுன்னு சொன்னா யாருக்கும் புரியாம இல்ல, ஆனா அவங்க வாயில வர்றது டர்ன்அரவுண்ட். ஓடிட்டிருக்கற யூனிட்ட நிறுத்தி, பிரிச்சு, தொடச்சு, மாத்த வேண்டியத மாத்தி திரும்ப ஓட விடணும், சென்னை மணலி ரிஃபைனரில பழகின அதே வேலைதான், ஆளுங்க மட்டும் வேற. எனக்கு நைட் ஷிஃப்ட், சாயங்காலம் 6ல இருந்து காலைல 6 வரைக்கும், வாரத்துல 7 நாளும்.

நான் பாக்கறது வைப்ரேஷன். பம்ப், மோட்டர், ஃபேன் மேல காந்தம் வச்ச சென்சார ஒட்டி ரீடிங் எடுத்து, வர்ற கிராஃப பாத்து இதுக்கு பேரிங் போயிடுச்சு, இதுக்கு அலைன்மென்ட் சரியில்லனு சொல்லணும். யூனிட்ட நிறுத்தறதுக்கு முந்தின வாரமே எல்லா மெஷின்லயும் ரீடிங் எடுத்து எத பிரிக்கணும், எத அப்படியே விடலாம்னு லிஸ்ட் குடுத்துடணும். சுருக்கமா சொன்னா, மெஷின் சத்தத்த கேட்டு குறை சொல்றதுக்கு சம்பளம். இத ஏன் இவ்ளோ விளக்கறேன்னா, பின்னாடி வர்ற சண்டைல இதையே வச்சு என்னை வாரினாங்க.

ஒரு நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும், ஆபீஸா வச்சிருந்த டிரெய்லர் வண்டில ரேடியோ ஓடிட்டிருந்தது, பழைய ராக் பாட்டு போடற ஸ்டேஷன். 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' வந்தது. மூலைல உக்காந்து பெர்மிட் எழுதிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் எழுந்து போய் ரேடியோவ அமத்திட்டு, திரும்ப வந்து விட்ட எடத்துல இருந்து எழுத ஆரம்பிச்சுட்டார். ஒரு வார்த்தை பேசல. எழுபது வயசு இருக்கும், ரிட்டயர் ஆன ஆபரேட்டர், பழைய யூனிட் பத்தி தெரிஞ்ச ஆள் வேணும்னு திரும்ப கூப்ட்டு வச்சிருந்தாங்க. நான் பக்கத்துல இருந்த சின்ன பையன்கிட்ட, ஹூஸ்டன்ல இருந்து வந்த இன்ஜினியர், என்னப்பா விஷயம்னு கண்ணால கேட்டேன். அவன் சிரிச்சுட்டே "ஜானிஸ் ஜாப்ளின் இந்த ஊரு பொண்ணு"ன்னான்.

எனக்கு அது வரைக்கும் தெரியாது. பேரு தெரியும், 27 வயசுல செத்துப்போன பாடகிங்க லிஸ்ட்ல வர்ற ஒரு பேரு, அவ்ளோதான். அவங்க பொறந்தது 1943 ஜனவரி 19, இதே போர்ட் ஆர்தர். அப்பா சேத் ஜாப்ளின் டெக்ஸகோல இன்ஜினியர், அதாவது நம்ம ஜாதி, ரிஃபைனரி ஜாதி. காத்து திரும்பினா ஊரு முழுக்க கந்தக வாடை அடிக்கும், கேட்டா அது பணத்தோட வாசனைம்பாங்க. அந்த வாடைல வளந்த பொண்ணு.

அன்னைக்கு ரேடியோவ அமத்தினதுல ஆரம்பிச்ச பேச்சு அஞ்சு வாரம் ஓடிச்சு. சாப்பாட்டு நேரம், பெர்மிட்டுக்கு காத்திருக்கற நேரம், மழைக்கு கிரேன் நிக்கற நேரம், எப்ப கெடச்சாலும் அதான். அதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, முந்தின டிசம்பர்லதான் அவங்களோட கலர் கலரா பெயின்ட் அடிச்ச போர்ஷே கார் நியூயார்க் ஏலத்துல 17.6 லட்சம் டாலருக்கு போயிருந்தது. வெல்டருங்க கூட அத பத்தி பேசினாங்க. ஒரு கத்தற பொம்பளையோட பழைய காருக்கு இவ்ளோவான்னு ஒருத்தன் கேட்டான், பெரியவர் தலைய மட்டும் ஆட்டினார்.

பெரியவரோட கட்சி என்னன்னா, அது பாட்டே இல்ல, கத்தல். ஆனா கொஞ்சம் நோண்டினா வேற ஒண்ணு வெளிய வந்தது. 1970ல டிக் கேவட் டிவி ஷோவுல ஜானிஸ் சொல்லிட்டாங்களாம், கிளாஸ்ல இருந்தும் ஊர்ல இருந்தும் ஸ்டேட்ல இருந்தும் என்னை சிரிச்சே துரத்திட்டாங்கன்னு. அது உண்மைதான்னு ஊர்ல பாதிப் பேர் ஒத்துக்குவாங்க, ஸ்கூல்ல அந்த பொண்ண படாதபாடு படுத்தியிருக்காங்க, கறுப்பின பசங்களும் நம்ம கூட சேர்ந்து படிக்கணும்னு கிளாஸ்ல எழுந்து சொன்னதுக்கு பேர் வச்சு கூப்ட்டு அழ விட்ருக்காங்க. பெரியவர் அதே தாமஸ் ஜெஃபர்சன் ஸ்கூல். "அவ 1960ல முடிச்சா, நான் அதுக்கப்பறம் சேர்ந்தேன், நான் எங்க சிரிச்சேன்? ஊர மொத்தமா சேத்து டிவில அசிங்கப்படுத்திட்டா"ன்னார். 46 வருஷம் ஆச்சு, இன்னும் அந்த சூடு ஆறல. சரி, இவருக்கு பாட்டு பிரச்சனை இல்லன்னு நான் முடிவு கட்டினேன், அது கொஞ்சம் அவசரம்னு பின்னாடி தெரிஞ்சது.

ஹூஸ்டன் பையனோட குறை டெக்னிக்கல். அவன் கிட்டார் வாசிப்பான். பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனினு அவங்கள பிரபலமாக்கின பேண்ட், 1968ல 'சீப் த்ரில்ஸ்' ஆல்பம் வந்து எட்டு வாரம் நம்பர் ஒன்ல இருந்தது, அதுல கிட்டாரே சுருதி சேரல, இந்த அம்மா அதுக்கு மேல நின்னு தொண்டைய கிழிச்சுக்கறாங்கம்பான். அவன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல, போட்டு கேட்டா எனக்கே தெரிஞ்சது. அந்த பேண்ட விட்டுட்டு புது பேண்ட் சேத்து அதே வருஷம் டிசம்பர்ல மெம்ஃபிஸ்ல போய், சோல்ங்கற கறுப்பின மக்களோட மியூசிக் கேட்டு ஊறின கூட்டத்துக்கு முன்னாடி பாடினாங்க, எடுபடல. அடுத்த மார்ச்ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டைல போட்டு இவங்க ராக் உலகத்து ஜூடி கார்லண்டான்னு, அவங்க பழைய ஹாலிவுட் பாடகி நடிகை, ஒரு கேள்விக்குறியோட கிண்டலா கேட்டது. ஆக இவன் புதுசா ஒண்ணும் சொல்லல, உயிரோட இருந்தப்பவே ஆளுக்கு ஒண்ணு பேசினவங்கதான்.

மூணாவது கட்சி ஒரு அம்மா. பக்கத்து ஊரு போமான்ட்ல இருந்து வருவாங்க, ஃபயர் வாட்ச் வேலை, வெல்டிங் நடக்கற எடத்துல பன்னிரண்டு மணி நேரம் தீயணைப்பு சிலிண்டரோட காவலுக்கு நிக்கணும். கறுப்பினத்தவங்க, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்ல பாடறவங்க, டர்ன்அரவுண்ட் வந்தா மட்டும் அதுக்கு லீவு. நான் மேம்னு கூப்டுவேன், அவங்க என்னை ஹனிம்பாங்க, அங்க டீ குடுக்கறவங்க கூட அப்படித்தான் கூப்டுவாங்க, நான் மொத வாரம் தேவையில்லாம வெக்கப்பட்டேன். அவங்க கத்தல்னும் சொல்லல, கிரேட்னும் சொல்லல. "'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' மொதல்ல யார் பாடினது தெரியுமா?"னு மட்டும் கேட்டாங்க. தெரியாது. எர்மா ஃபிராங்ளின், பெரிய சோல் பாடகி அரீதாவோட அக்கா, 1967. சரி, 'பால் அண்ட் செயின்'? அதுவும் தெரியாது. பிக் மாமா தார்ன்டன்னு ஒரு கறுப்பின ப்ளூஸ் பாடகி, அவங்களே எழுதின பாட்டு. 1967 ஜூன்ல கலிஃபோர்னியால மான்டரே இசைத் திருவிழால ஜானிஸ் அந்த பாட்ட பாடித்தான் உலகத்துக்கே தெரிஞ்சாங்க, கூட்டத்துல உக்காந்திருந்த மாமா காஸ்ங்கற பாடகி வாய பொளந்து 'வாவ்'னு சொல்றது அந்த திருவிழாவ எடுத்த படத்துலயே இருக்கு. "எல்லாரும் அந்த வாவ்வதான் ஞாபகம் வச்சிருக்காங்க ஹனி, பாட்டோட சொந்தக்காரிய இல்ல"ன்னாங்க.

எனக்கு சுருக்னுச்சு. அன்னைக்கு ரூமுக்கு போய் தூங்காம ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டேன். தார்ன்டன் பாடறதுல ஒரு தெம்பு இருக்கு, கஷ்டத்த சொல்லும்போதே நடு வீட்ல கால நீட்டி உக்காந்து சொல்ற மாதிரி. ஜானிஸ் குரூப் அத சோகமா கேக்கற மைனர் ஸ்கேலுக்கு மாத்தி, வேகத்த கொறச்சு, அந்த அம்மா உக்காந்து சொன்னத இவங்க தெருவுல நின்னு அழுது சொல்றாங்க. எது பெருசுன்னு அன்னைக்கும் சொல்ல தெரியல, இன்னைக்கும் எனக்கு தார்ன்டன் ஒரு படி மேலதான். நம்ம ஊர்ல எல்.ஆர்.ஈஸ்வரிய கிளப் பாட்டு, அம்மன் பாட்டுன்னு ரெண்டே அறைல அடைச்சவங்க கூட வளந்தவன் நான், குரல்ல சொரசொரப்பு இருந்தா எங்க வீட்ல ரேடியோ சத்தத்த கொறைப்பாங்க. அந்த காதுதான் எனக்கும்.

இப்ப என் மானம் போன கதை. சவர் வாட்டர், அதாவது ரிஃபைனரில வர்ற கந்தகம் கலந்த கழிவுத் தண்ணி, அதுக்கு பம்ப் ரெண்டு, ஏ, பி. ஷட்டவுனுக்கு முன்னாடி பி பம்ப்ல ரீடிங் எடுத்தப்போ ஹை ஃப்ரீக்வென்சில ஒரே மேடா தூக்கிட்டு நின்னது, தனித்தனி பீக் எதுவும் இல்ல. காத வச்சா டப்பால கூழாங்கல்ல போட்டு குலுக்கற மாதிரி கர்ர்ர்னு சத்தம். பேரிங் கடைசி கட்டத்துக்கு வந்தா கிராஃப் இப்படித்தான் ஆகும், பீக் எல்லாம் கரைஞ்சு மேடு மட்டும் நிக்கும். நான் யோசிக்காம பேரிங் ஃபெயிலியர், பிரிச்சே ஆகணும்னு எழுதிட்டேன். பிரிச்சாங்க. பேரிங் கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள தண்ணிய தள்ளற சக்கரம், இம்பெல்லர், அதுல மட்டும் லேசா பொரிஞ்ச அடையாளம். அந்த பம்ப குறைச்ச ஃப்ளோல ஓட்டறாங்க, உள்ள தண்ணி சுத்தி சுத்தி குமிழி ஒடையற சத்தம் அது, வருஷக்கணக்கா அப்படியேதான் ஓடுது. பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார், நான் கேக்கல. ரெண்டு ஷிஃப்ட் ஆளும் புது பேரிங்கும் வேஸ்ட்.

மறுநாள் சாப்பாட்டு டென்ட்ல ஹூஸ்டன் பையன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான், "நல்லவேளை ஜானிஸ் இவன் கைல மாட்டல, பிரிச்சு பாத்திருப்பான்"னு. பெரியவர் அன்னைக்குத்தான் மொத தடவ என் முன்னாடி வாய் விட்டு சிரிச்சார்.

கோவம் வந்தது, வந்து என்ன பண்ண. ஆனா அந்த கிண்டல் மண்டைல ஒக்காந்துடுச்சு. போன்ல சத்தத்த பிரிச்சு கிராஃபா காட்டற ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் இருந்தது, ரூம்ல 'பால் அண்ட் செயின்' போட்டு அவங்க உச்சத்துக்கு போற எடத்த பாத்தேன். மெயின் பீக், அதோட மடங்குகள், இதுக்கு நடுவுல சரியா பாதில பாதில குட்டி பீக்குங்க. நம்ம பாஷைல அரை எக்ஸ், எக்ஸ்னா மெஷின் சுத்தற வேகம், மெஷின்ல இது வந்தா எங்கயோ போல்ட் லூஸ் இல்லன்னா எதுவோ உரசுதுன்னு அர்த்தம். கேக்கறதுக்கு ஒரே நேரத்துல ரெண்டு சுருதி மாதிரி இருக்கும், சொரசொரப்புங்கறது அதான். ஆனா மெஷின்ல லூஸ்னா லூஸ்தான், நீ நினைச்சப்ப வந்து நினைச்சப்ப போகாது. இவங்களுக்கு ஒரு வார்த்தைல அந்த குட்டி பீக்குங்க வருது, அடுத்த வார்த்தைல சுத்தமா காணோம், வெறும் மெல்லிசு குரல், அப்பறம் திரும்ப வருது, அடுத்த வரில அதே மாதிரி எடத்துல. நாலு தடவ ஓட்டி பாத்தேன். தொண்டை கிழிஞ்சு தானா வர்ற சத்தம்னா இப்படி வராது. தெரிஞ்சு போடறாங்க, தெரிஞ்சு எடுக்கறாங்க. ஹூஸ்டன் பையன்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "சரி, கன்ட்ரோல் இருக்கு, ஆனா எனக்கு இன்னும் பிடிக்கல"ன்னான். அதுக்கு நான் என்ன கிராஃப் போடறது.

எனக்கே கூட அவங்க உச்சத்துல கத்தற பாட்டுங்க மூணுக்கு மேல தொடர்ந்து கேக்க முடியாது, அத ஒத்துக்கணும். எனக்கு பிடிச்சது கடைசி ஆல்பம், 'பேர்ல்'. அதுல மெர்சிடிஸ் பென்ஸ் கார் கேட்டு கடவுள்கிட்ட நக்கலா வேண்டிக்கற ஒரு பாட்டு, வாத்தியமே இல்ல, கால் தட்டற சத்தம் மட்டும், பாடி முடிச்சு அவ்ளோதான்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, பக்கத்து சீட்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அது பதிவு பண்ணது 1970 அக்டோபர் 1. நாலாம் தேதி ஹாலிவுட்ல ஹோட்டல் ரூம்ல ஹெராயின்ல போயிட்டாங்க. அதே ஆல்பத்துல ஒரு பாட்டு வெறும் மியூசிக்கா இருக்கும், குரல் பதிவு பண்றதுக்கு ஆள் இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மழை மின்னல்னு கிரேன் வேலைய நிறுத்தி வச்சாங்க. அன்னைக்கு நான் மேம்கிட்ட பெஸி ஸ்மித் கல்லறை கதைய சொன்னேன், எங்கயோ படிச்சத பெருசா கண்டுபிடிச்ச மாதிரி. ப்ளூஸ் மகாராணி பெஸி 1937ல செத்து 33 வருஷம் பேரு கூட இல்லாம கெடந்த சமாதிக்கு, 1970 ஆகஸ்ட்ல கல்லு வச்சதுல ஜானிஸ் பாதி பணம், ஜுவானிட்டா கிரீன்னு பெஸி வீட்ல சின்ன வயசுல வேலை பாத்த ஒரு அம்மா பாதி பணம். மேம் சிரிச்சாங்க. "தெரியும் ஹனி. கல்லு வச்சா கணக்கு தீந்துடாது. ஆனா அவள விட பணக்காரங்க நெறைய பேர் இருந்தாங்க, அவங்க யாரும் வைக்கல"ன்னாங்க. அப்பறம் பக்கத்துல யாரும் இல்லன்னு நினைச்சோ என்னவோ, மொதல்ல முணுமுணுப்பா ஆரம்பிச்சு, தார்ன்டன் பாடற மாதிரியே 'பால் அண்ட் செயின்' பாடினாங்க. தலைல ஹெல்மெட், மடில தீயணைப்பு சிலிண்டர், வெளிய ஜெனரேட்டர் சத்தம், தகரத்து மேல மழை. நான் பாதி சாப்ட்ட சாண்ட்விச்ச கைல வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

பின்னாடி பாத்தா டென்ட் வாசல்ல பெரியவர் காபி கப்போட நிக்கறார், எப்ப வந்தார்னு தெரியல. பாட்டு முடியற வரைக்கும் உள்ளயும் வரல, வெளியயும் போகல. முடிஞ்சதும், "நீ வேகமா பாடற, அவ ரெண்டாவது வரில இன்னும் கொஞ்சம் இழுப்பா"ன்னார்.

"யாரு, பிக் மாமாவா?"னு மேம் கேட்டாங்க.

பெரியவர் பதில் சொல்றதுக்குள்ள வாக்கி டாக்கில கிரேன் கிளியர்னு கூப்ட்டாங்க, மூணு பேரும் ஹெல்மெட்ட சரி பண்ணிட்டு மழைல எறங்கினோம்.