அரிட்டாபட்டி: பாதிரிக்குடியார் காவலில் ஒரு மலை

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பேருந்தில் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரமாகப் பார்த்து உட்காருங்கள். ஒத்தக்கடையைத் தொடும்போதே யானைமலை முழு நீளத்துக்குப் படுத்திருக்கும். கொஞ்ச தூரம் போனதும் நரசிங்கம்பட்டி, பெருமாள்மலை. பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வயல், தோப்பு, கண்மாய்க்கரை என்று மாறி மாறி வந்து, பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஓர் ஊர் தெரியும். அதுதான் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனாலும் மதுரையிலேயே பிறந்து வளர்ந்த பலர் இந்த ஊரின் பெயரை 2024 கடைசியில் டங்ஸ்டன் செய்தி வந்தபோதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஊரைச் சுற்றி ஏழு மலை என்பார்கள். கழிஞ்சமலை, ராமாயி மலை, தேன்கூட்டு மலை, கழுகுமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே மொட்டைப் பாறை. மழை பெய்யும்போது வந்து பார்த்தால்தான் அந்தப் பாறைகள் என்ன வேலை செய்கின்றன என்று புரியும். பாறையில் விழுகிற தண்ணீர் அங்கேயே நிற்காது. பள்ளம் பார்த்துச் சுனையில் தேங்கும், மிச்சம் வழிந்து ஓடைக்கு வரும், ஓடை கண்மாயில் சேரும், கண்மாய் மடை வழியாக வயலுக்குப் போகும். அரசின் கணக்குப்படி இந்தக் குன்றுகளைச் சார்ந்து 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் 3 தடுப்பணைகளும் இருக்கின்றன. ஆனைகொண்டான் கண்மாயை 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வெட்டியதாகச் சொல்வார்கள். அதன் கரையில் நின்றுகொண்டு ஒருவரிடம், "இந்த வருசம் தண்ணி எப்படிங்க?" என்று கேட்டேன். அவர் கண்மாயைப் பார்க்கவே இல்லை. மலையைக் காட்டி, "அங்கிட்டு நல்லா பேஞ்சிருக்கு தம்பி, பயமில்ல" என்றார்.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இது. 2022 நவம்பர் 22 அன்று அரசு அறிவித்தது. அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து 193.42 ஹெக்டேர். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வருகிற அறிவிப்பு. சரணாலயம், தேசியப் பூங்கா என்று அறிவித்தால் ஊர் மக்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்துவிடும். இது அப்படி இல்லை. அந்தந்த ஊராட்சியோடு கலந்துபேசித்தான் அறிவிக்க வேண்டும். மக்களின் வழக்கமான மேய்ச்சல், வழிபாடு, விவசாயம் எதையும் இது தடுக்கக்கூடாது. அவர்களாகவே விரும்பி வைத்துக்கொள்கிற கட்டுப்பாடுகள்தான். இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஏனென்றால் அறிவிப்பு வருவதற்கு முன்பே, மலையில் கிரானைட் குவாரி வர இருந்தபோது அதை எதிர்த்து நின்றவர்கள் இதே ஊர்க்காரர்கள்.

சுமார் 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், பொனெல்லி கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள்தான் இந்த ஊரின் பெருமை. செங்குத்தான பாறைகள் இவற்றுக்கு வசதி. மனிதர் ஏற முடியாத விளிம்புகளில் முட்டை வைக்கும். வெயிலில் பாறை சூடேறி, காற்று மேலெழும்பும்போது சிறகை அசைக்காமலேயே வட்டமடித்து உயரப் போகும். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் இங்கே உண்டு. பகலில் போகிறவர் கண்ணில் அவை படுவது அபூர்வம். அண்ணாந்து பார்க்கப் பொறுமை இருந்தால் பறவைகள் ஏமாற்றுவதில்லை.

போன தை மாதம் கழிஞ்சமலை அடிவாரத்தில் நடந்தது இது. ஒரு இளைஞர் கூட்டம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கரில் பாட்டு. பாறை அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தொரட்டிக் கம்பை ஊன்றியபடி அவர்களிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "எந்த ஊருப்பா?" என்று ஆரம்பித்தார். அவர்கள் சொன்னார்கள். "சாப்புட்டீங்களா? தண்ணி இருக்கா?" அதற்கும் பதில் சொன்னார்கள். அப்புறம் மேலே கை காட்டி, "அந்த வெள்ளையா எச்சம் வழிஞ்சிருக்கு பாருங்க, அதுக்கு மேல கூடு இருக்கு. சத்தம் கேட்டா தாய் எந்திரிச்சுப் போயிரும். குஞ்சு வெயில்ல கெடந்து காஞ்சிரும்ப்பா" என்றார். பாட்டை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு பையன் தானாகவே நிறுத்தினான். இன்னொருவன், "எங்க தாத்தா, காட்டுங்க" என்று எழுந்தான். அடுத்த அரை மணி நேரம் அத்தனை பேரும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

தண்டனை, அபராதம், எச்சரிக்கைப் பலகை எல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்கிற சொல்லை எந்தப் பலகையாலும் சொல்ல முடியாது.

கழிஞ்சமலையின் குகைத்தளத்துக்கு ஏறுவது கடினமில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் பாறை மேலிருந்து வழிகிற தண்ணீர் உள்ளே வராமல் அந்தக் காடியோடு நின்று வெளியே சொட்டிவிடும். உள்ளே தங்கும் சமணத் துறவிகள் நனையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அந்தக் காடிக்குக் கீழேதான் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமி எழுத்துகள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைக் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு. இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுத்ததாக இன்னொன்று. 2,200 ஆண்டுகள் என்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் போனால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் பாறையும் எழுத்தும் ஒரே நிறமாகிவிடும்.

பக்கத்திலேயே முக்குடையின் (மூன்றடுக்குக் குடையின்) கீழ் அமர்ந்திருக்கும் மகாவீரர் சிற்பம். அது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. திருப்பிணையன் மலையில் (இந்த மலையின் பழைய பெயர்), பொற்கோட்டுக் கரணத்தார் பேரால், அச்சணந்தி என்ற முனிவர் செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, "பாதிரிக்குடியார் ரட்சை" என்று முடிகிறது. சிலையைச் செய்து வைத்தவர் அதைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பாதிரிக்குடி மக்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதே அச்சணந்தியின் பெயர் யானைமலையிலும் கீழக்குயில்குடியிலும் கொங்கர்புளியங்குளத்திலும் கருங்காலக்குடியிலும் இருக்கிறது. மலை மலையாக நடந்த மனிதர். யானைமலைச் சிற்பங்களின் கீழும் ஊர்ச்சபையாரின் காவலில் விட்டதாக எழுத்து உண்டு. இந்த ஊரில் எனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், பறவைகளை விட, சிற்பத்தை விட, இந்தக் கடைசி வரியைத்தான் சொல்வேன். காவல் பொறுப்பு சாதாரண மக்களிடம் போயிருக்கிறது. அதைக் கல்லிலும் எழுதியிருக்கிறார்கள்.

அதே பாறையில், கைக்கு எட்டுகிற உயரத்தில், ஆணியால் கீறிய பெயர்களும் அம்பு துளைத்த இதயங்களும் இருக்கின்றன. பார்க்கும்போது வயிறு எரிகிறது. படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று பழைய எழுத்துகளின் மேல் சாக்பீஸ் தேய்க்கிற பழக்கமும் நம் மலைகளில் பல இடங்களில் உண்டு. வரலாற்றை நேசிக்கிறவர்களே அதைச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும். சாய்வான வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் சுண்ணாம்பு இல்லாமலே படம் விழும்.

இன்னொரு பக்கம் குடைவரைக் கோயில். ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள். 7-8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. கருவறையில் இருக்கும் லிங்கம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததில்லை, குடையும்போதே தாய்ப்பாறையிலிருந்து செதுக்கியது. முகப்பில் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் கையில் தண்டத்தோடு லகுலீசர். பாசுபத சைவத்தைப் பரப்பியவராகக் கருதப்படும் லகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பம் கிடைப்பது அரிது. சமணரும் சைவரும் ஒரே ஊரின் பாறைகளில் இடம் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் ஊர் மக்கள் ஒரே மரியாதையோடு பார்க்கிறார்கள். எங்கள் கூட வழிகாட்ட வந்த அக்கா இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

டங்ஸ்டன் விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில், மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்டும் சுரங்க உரிமைக்கான ஏலம் முடிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயர். அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. சில வாரங்களுக்குள் கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாகப் போனார்கள். விவசாயிகள், வியாபாரிகள், கைக்குழந்தையோடு பெண்கள். மேலூரில் கடைகள் அடைத்திருந்தன. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கடைக்கார அம்மாவிடம், "பயமா இல்லையா அப்போ?" என்று கேட்டேன். "பயந்தா யாரு பாக்குறது? கண்மாய் இருந்தாத்தான் வயலு, வயலு இருந்தாத்தான் இந்தக் கடை" என்றார். கை நிற்காமல் டீ ஆற்றிக்கொண்டே இருந்தது.

அவர்கள் இவ்வளவு உறுதியாக நின்றதற்கு ஒரு காரணம் பக்கத்திலேயே கண்ணால் பார்த்த இழப்பு. மேலூரைத் தாண்டிக் கீழவளவுப் பக்கம் போய்ப் பாருங்கள். கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த இடங்களில் குன்று இருந்த தடமே இல்லை. பச்சைத் தண்ணீர் தேங்கிய ஆழமான குழிகள்தான் மிச்சம். அங்கே பஞ்சபாண்டவர் மலையிலும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்தும் உண்டு. அது தப்பியது, சுற்றியிருந்த பல பாறைகள் தப்பவில்லை. மதுரை கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தது. கண்மாய் வரத்துக்கால்கள் மண்மேடாகிப் போன கதைகளை அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் சொல்வார்கள்.

மேலூரிலிருந்து திருப்பத்தூர்ப் பக்கம் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். பண்டிகை அன்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எவ்வளவு சிரமம் என்று வீட்டில் குழந்தை இருக்கிறவர்களுக்குத் தெரியும். வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள்.

சரி, அரிட்டாபட்டிக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரம். மழை முடிந்த மார்கழி, தை மாதங்கள் நல்லது. சுனையிலும் கண்மாயிலும் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். காலை ஏழு மணிக்குள் மலையடியில் இருந்தால் பத்து மணிக்குப் பாறை சுடுவதற்குள் இறங்கிவிடலாம். குடிதண்ணீர் கையோடு வேண்டும். சுனைத் தண்ணீரில் காலை விடாதீர்கள், கீழே அதைக் குடிக்கிற ஆடு மாடுகளும் பறவைகளும் இருக்கின்றன. கண்ணாடி பாட்டில் எதுவும் வேண்டாம். உடைந்த சில்லு பாறையில் கிடந்தால் வெறுங்காலோடு மேய்ப்பவர்களின் பாதத்தில்தான் ஏறும். கூடு வைக்கும் காலத்தில் ட்ரோன் பறக்கவிடுவதை அறவே தவிர்க்க வேண்டும். வழி தெரியாவிட்டால் ஊருக்குள் யாரிடம் கேட்டாலும் கூடவே வந்து காட்டுவார்கள். வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் என்பதால் அவர்கள் நேரத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுவது முறை. சாப்பாட்டுக்கு மேலூர் வந்துவிடலாம்.

பேருந்தில் போவதானால் திரும்பும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், பைக் இருந்தால் வசதி. வரும் வழியில் நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலைப் பக்கம் பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது அந்தக் கால மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம், இருக்கிறது. கல்வட்டங்களை அவசரமாகப் பார்க்க முடியாது, தனியாக ஒரு காலைப் பொழுது வேண்டும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.