இரும்புப் பெட்டி அறையில் ஒரு ஞாயிறு ராத்திரி

காரைக்குடியில் நான் பார்த்துக்கொள்ளும் சேலை மொத்த வியாபாரக் கடையில் சர்வர் இருப்பது பழைய இரும்புப் பெட்டி அறையில். வீட்டின் முகப்பு கடையாகிவிட்டது. உள்ளே வளவில், அதாவது உள்முற்றத்துப் பகுதியில், முதலாளியின் அம்மா இருக்கிறார். சுவரின் கனத்துக்கு சித்திரை வெயிலே உள்ளே வரத் தயங்கும். பெட்டியை நகர்த்த ஆள் கிடைக்காததால் அதன் தலையிலேயே யூபிஎஸ்ஸை ஏற்றிவிட்டோம்.

ஒரே சர்வர். அதில் ஓடுவது விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 8, ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள். இது ஓடும் சர்வரை ஹோஸ்ட் என்போம், உள்ளே ஓடும் கம்ப்யூட்டர்களை விர்ச்சுவல் மெஷின் என்போம். இங்கே அப்படி நாலு: டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்ப்பது), பில்லிங், ஃபைல் சர்வர், கேமரா பதிவு. இரண்டு ஹோஸ்ட் இருந்தால் ஓடுகிற மெஷினை அப்படியே பக்கத்து ஹோஸ்டுக்கு மாற்றிவிட்டு நிதானமாக பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போடலாம். இங்கே கடையே நிற்கும்.

2025 மார்ச் 4 அன்று விஎம்வேர் மூன்று பாதுகாப்பு ஓட்டைகளுக்கு பேட்ச் வெளியிட்டது. அதில் ஒன்றுக்குத் தீவிர மதிப்பெண் பத்துக்கு 9.3. பேட்சைத் தவிர வேறு வழியில்லை, இதை வைத்து ஏற்கெனவே தாக்குதல் நடந்திருப்பதாகத் தகவல் உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "பதினொன்னாம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போடணும் தம்பி, அதுக்கப்புறம் பாப்பமே" என்றார். மாத விற்பனைக் கணக்கைச் சொல்கிறார்.

"அண்ணே, இந்த வீட்டையே எடுத்துக்கங்க" என்று ஆரம்பித்தேன். கல்யாணமானதும் தனிக்குடித்தனமாக வேறு வைத்து, புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி) ஒரு அறை, தனிப் பூட்டு, தனி அடுப்பு. ஒரு புள்ளியின் அறைக்குள் இருப்பது அடுத்த புள்ளிக்குத் தெரியாது. ஹோஸ்ட்தான் வீடு, விர்ச்சுவல் மெஷின்கள் புள்ளிகள். ஒரு மெஷினுக்குள் அட்மின் அதிகாரம் கிடைத்தவன் அதைத் தாண்டி ஹோஸ்டுக்கே வந்துவிடலாம் என்பதுதான் இந்த ஓட்டை.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பெட்டிச் சாவியும் போயிரும்ல?"

போயிரும். 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹோஸ்ட்களைப் பூட்டியதையும் சொன்னேன். அதில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு வருஷம் சும்மா கிடந்த பேட்ச். அது அவரை அசைத்தது. சரி, ஞாயிறு ராத்திரி என்றார்.

9-ஆம் தேதி எட்டரைக்குப் போனேன். பேக்கப்பை எடுத்து, ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் நம்புவதில்லை. நாலு மெஷினையும் அணைத்தேன். டொமைன் கன்ட்ரோலர் கடைசியாக. கேமரா மெஷினில் விஎம்வேர் டூல்ஸ் இல்லை, அதனால் ஹோஸ்டிலிருந்து ஷட்டவுன் சொன்னால் காதில் வாங்காது. உள்ளே போய்த்தான் அணைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில், அதாவது எந்த மெஷினும் ஓடாத பராமரிப்பு நிலையில், போட்டேன்.

பேட்ச் ஜிப் ஃபைலை டேட்டாஸ்டோரில் (ஹோஸ்டின் சேமிப்பிடம்) ஏற்றிக் கட்டளை கொடுத்தால், ஃபைல் கிடைக்கவில்லை என்றது. கண் முன்னால் இருக்கிறது! பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால், நான் எட்டிக்கூடப் பார்க்காத லாக் ஃபோல்டரில் தேடியிருக்கிறது. முழுப் பாதை கொடுக்காவிட்டால் அது அங்கேதான் போய்த் தேடும். ஒவ்வொரு முறையும் இதில் அரை மணி நேரம் தொலைக்கிறேன்.

இன்னொன்று: பேட்ச் போடும் கட்டளையில் புரொஃபைல் 'இன்ஸ்டால்' வேறு, 'அப்டேட்' வேறு. இன்ஸ்டால் கொடுத்தால் சர்வர் கம்பெனி தனியாகப் போட்டுக் கொடுத்த டிரைவர்கள் போய்விடலாம். டிஸ்க்குகளை ஆளும் ரெய்டு கார்டின் டிரைவர் போனால் டேட்டாஸ்டோரே கண்ணில் படாமல் போகலாம். முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையாக டிரை ரன் ஓட்டி, எது எது மாறும் என்று பார்த்துவிட்டு அப்டேட் கொடுத்தேன். ரீபூட் ரிக்வயர்டு: ட்ரூ என்று பதில் வந்தது, ரீபூட் செய்தாக வேண்டும்.

ரீபூட் ஆனதும் ஃபேன்கள் எல்லாம் ஒரே மூச்சில் அலறின. வளவிலிருந்து குரல்: "தம்பி, மோட்டரு போட்டியளா? தொட்டி நெறஞ்சிருமே!"

"மோட்டர் இல்ல ஆச்சி, கம்ப்யூட்டர்."

அந்தப் பத்து நிமிஷம்தான் இந்த வேலையிலேயே நீளமான நேரம். இஎஸ்எக்ஸ்ஐ தன் பழைய பதிப்பை ஆல்ட் பூட்பேங்க் என்ற தனிப் பகுதியில் வைத்திருக்கும். வம்பானால் பூட் ஆகும்போது ஷிஃப்ட்-ஆர் அழுத்திப் பழையதற்கே திரும்பலாம். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவைப்படவில்லை. பில்ட் 24585383, அதாவது 8.0 அப்டேட் 3டி. மணி பதினொன்றரை. ஆச்சி தலைவாசல் கதவைப் பூட்டச் சாவியோடு நிற்கிறார். ஆட்டோஸ்டார்ட் போட்டிருக்கிறோமே, ஒரு மெஷினுக்கு 120 விநாடி என்று அதுவே மெதுவாக எழுப்பிவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

காலையில் ஒன்பதே காலுக்கு போன். "தம்பி, பில்லு போட முடியல."

தேவகோட்டையிலிருந்து வண்டியை விரட்டினேன். தேவகோட்டை ரஸ்தா தாண்டும்போதுதான் உறைத்தது. மெயின்டனன்ஸ் மோடில் போட்ட ஹோஸ்ட், ரீபூட்டுக்குப் பிறகும் அதே மோடில்தான் இருக்கும். நாமாக வெளியே எடுக்கும்வரை ஆட்டோஸ்டார்ட் எதையும் எழுப்பாது. எத்தனை ஹோஸ்டுக்குச் செய்த வேலை இது! சாவிச் சத்தத்தில் மறந்துபோயிருக்கிறேன்.

மோடை எடுத்து, டொமைன் கன்ட்ரோலரை முதலில் எழுப்பி, அப்புறம் பில்லிங். 10.05-க்கு முதல் பில் வந்தது, கண்டாங்கி ஆறு உருப்படி. முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சிதான் காபியை நீட்டிக்கொண்டே, "ராத்திரி அவ்வளவு சத்தம் போட்டுச்சே, அப்பவே நெனச்சேன்" என்றார்.