இடது மூக்கு முதலில்

ஜூலை மாதத்தில் மொரீசியசின் மலையூரான கியூர்ப்பிப்பில் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. போர்ட் லூயியில் வெயிலில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பஸ் ஏறி 550 மீட்டர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் இறங்கினால் குளிர்காற்று பட்டதும் மூக்கு ஒழுகத் தொடங்கும். அந்தக் குளிர்காலத்தில் சளி பிடித்து மூக்கும் அடைத்துக்கொள்ள, பார்மசியில் ஒரு சைலோமெட்டசோலின் ஸ்பிரே வாங்கினேன். அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறந்தது. அன்றிரவு ஆனந்தமாகத் தூங்கினேன்.

சளி ஒரு வாரத்தில் போய்விட்டது, ஸ்பிரே போகவில்லை. செப்டம்பரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருந்தேன். தலையணைக்கடியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பிரெஞ்சுத் தாளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. விற்றவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் ஒரு மூக்கு மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு காகிதத்தை நீட்டி, "சிந்துங்கள்" என்றார். மூச்சைப் பிடித்துச் சிந்தினேன். காகிதம் காய்ந்தே இருந்தது. "பார்த்தீர்களா? அடைத்திருப்பது சளி இல்லை, வீக்கம்."

மூக்கின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த சதை மடிப்புகள் உண்டு. அவை வீங்கினால் அடைப்பு. ஸ்பிரே அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாள்கணக்கில் அடித்தால் மருந்தின் வேகம் குறைந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. நான் இரண்டு மாதமாக மருந்தின் விளைவுக்கு மருந்து அடித்திருக்கிறேன்!

ஒழுகல் வேறு கணக்கு. மூக்கு தினமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை நீர்மம் சுரக்கிறது. நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ள, நாம் அறியாமலே விழுங்குகிறோம். கிருமியோ தூசியோ உள்ளே வந்தால் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கும், குழாய்களும் கசியும். என் பஸ் நிறுத்த ஒழுகலுக்குக் கிருமியே தேவையில்லை. குளிர்காற்று நரம்பைத் தூண்டினால் போதும்.

ஒவ்வாமையில் இதைக் கிளப்புவது உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். செட்டிரிசின் மாத்திரை அதன் வேலையைத் தடுப்பதால் தும்மலும் ஒழுகலும் அடங்கும், ஆனால் அடைப்புக்கு அவ்வளவு உதவாது. சாதாரணச் சளியிலும் அதற்குப் பெரிய பயனில்லை. ஊரில் அம்மா தரும் பழைய குளோர்பெனிரமின் ஒழுகலைக் கொஞ்சம் உலர்த்தும், கூடவே தூக்கத்தையும் அழைத்து வரும். நான் இடையில் விழுங்கிய ஃபினைலெஃப்ரின் மாத்திரைதான் வேடிக்கை. வாயால் உட்கொண்டால் அது மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் முடிவு சொல்லியிருக்கிறது.

மருத்துவர் சொன்ன வழி: முதலில் இடது மூக்கில் மட்டும் ஸ்பிரேயை நிறுத்த வேண்டும். இரண்டு மூக்கிலும் தினமும் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. அது வீக்கத்தை மெல்லத்தான் குறைக்கும். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரால் காலையும் இரவும் மூக்கைக் கழுவினேன்.

முதல் நான்கு இரவுகள் நரகம். நாற்காலியில் சாய்ந்தபடி, வலது மூக்கின் தயவில் கிடந்தேன். பத்தாம் நாள் விடியலில் இடது மூக்கில் ஊசிமுனை அளவு காற்று நுழைந்தது. எழுந்து மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் ரசிக்கவில்லை. பிறகு வலது மூக்கு, அதற்கும் ஏறக்குறைய அதே பாடு.

அந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்கில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினார். மொரீசியசிலேயே பிறந்தவர், ரசத்தை "ரசோன்" என்பார். இரண்டு வாய் குடித்ததும் காரம் ஏறி, இரண்டு மூக்கும் ஒருசேர ஒழுகின. கைக்குட்டை தேடி எழுந்தேன்.