தலா ஜிடிபி பட்டியலில் நம்பிக் கெடும் இடங்கள்

தலா ஜிடிபி, அதாவது ஆளுக்கான மொத்த உள்நாட்டு உற்பத்திப் பட்டியலைக் கையில் எடுத்ததும் "இந்த நாட்டு வாழ்க்கைத் தரம் அந்த நாட்டைவிட இரண்டு மடங்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டியல் அப்படி எதையும் சொல்வதில்லை. ஒரு நாட்டு எல்லைக்குள் ஓராண்டில் கணக்கில் ஏறிய உற்பத்தியின் மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். பலன் யார் கைக்குப் போனது, அதை வைத்து என்ன வாங்க முடிந்தது என்பதெல்லாம் தனிக் கேள்விகள். தேசிய வருமானக் கணக்கை வடிவமைத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து ஒரு தேசத்தின் நல்வாழ்வை ஊகிக்க முடியாது என்று 1934-இலேயே அமெரிக்க செனட்டுக்குத் தந்த அறிக்கையில் எச்சரித்திருந்தார்.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015-இல் அதன் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. அந்த ஓராண்டில் அயர்லாந்துக்காரர்களின் சம்பளம் கால் பங்கு கூடிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை ஏட்டளவில் அங்கே மாற்றின. அவற்றின் வருமானம் அந்நாட்டு உற்பத்தியாகப் பதிவானது. இப்படிப்பட்ட இடங்களில் ஜிடிபியை விட்டுவிட்டு, வெளிநாட்டு முதலாளிகளுக்குப் போகும் லாபத்தைக் கழித்த ஜிஎன்ஐ, அதாவது மொத்த தேசிய வருமானத்தைப் பார்க்க வேண்டும். அயர்லாந்துக்கு அதுவும் போதவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம், காப்புரிமைச் சொத்துகளுக்கும் குத்தகை விமானங்களுக்கும் ஆகும் தேய்மானத்தையும் கழித்து 'திருத்திய ஜிஎன்ஐ' என்றொரு தனி அளவையே வெளியிடுகிறது. 2022-இல் அது ஜிடிபியில் பாதியைச் சற்றே தாண்டியது.

ஜிஎன்ஐயிலும் ஒரு பொறி உண்டு. வெளிநாட்டில் குடியேறி வேலை செய்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் அதில் சேராது. அது நடப்பு மாற்றுப்பணம் என்ற கணக்கில் போகும். நேபாளம், தஜிகிஸ்தான் போன்ற நாடுகளின் குடும்பச் செலவைப் புரிந்துகொள்ள, இதையும் சேர்த்த 'செலவிடத்தக்க தேசிய வருமானம்'தான் உதவும்.

அடுத்தது விலை. சந்தை மாற்று விகிதத்தில் எல்லாவற்றையும் டாலராக்கினால் ஏழை நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். எல்லை தாண்டி விற்கும் பொருள்களின் விலை ஓரளவு உலகெங்கும் நெருங்கி வரும். முடிவெட்டு, வீட்டு வாடகை, ஆசிரியர் சம்பளம் அப்படியல்ல. கூலி குறைந்த இடத்தில் இவை மலிவு. இதைச் சரிக்கட்டத்தான் வாங்கும் திறன் சமநிலை, அதாவது பிபிபி. உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தில் நாடுதோறும் ஒரே தரம், ஒரே அளவு என்று வரையறுத்த பொருள்களின் விலையைத் திரட்டி, அவற்றிலிருந்து மாற்று விகிதம் கணக்கிடுகிறார்கள்.

இங்கே கவனம் பிசகினால் பெரிய தவறு வரும். முழு விலைத் திரட்டல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடுதான். 2005-ஆம் ஆண்டு விலைகளை வைத்த முடிவுகள் 2007 டிசம்பரில் வந்தபோது, பிபிபி கணக்கில் சீனப் பொருளாதாரம் முந்தைய மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் சுருங்கியது. சீனாவில் யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு குறையவில்லை. மாறியது விலைத் தரவு. அதனால் பிபிபி எண்ணில் ஐந்து, பத்து சதவீத வித்தியாசத்துக்காகச் சண்டை போடுவது வீண். ஒரே ஆண்டில் நாடுகளை ஒப்பிட, அந்த ஆண்டு விலையிலான நடப்பு பிபிபி. ஒரு நாட்டைக் காலப்போக்கில் பார்க்க, எல்லா ஆண்டுக்கும் ஒரே ஆண்டின் விலையை வைத்த நிலையான விலை பிபிபி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக்கூடாது. வெளிநாட்டுக் கடனை அடைக்கும் சக்தியையோ எண்ணெய் இறக்குமதி செய்யும் சக்தியையோ பேசும்போது பிபிபி பக்கமே போகாதீர்கள். அங்கே சந்தை விகிதம்தான்.

வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணாக்கும் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டை நான் மதிக்கிறேன், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு. ஆயுட்காலம் 70, இன்று பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என்று எதிர்பார்க்கும் ஆண்டுகள் 12, பெரியவர்களின் சராசரிப் படிப்பு 7 ஆண்டு, தலா ஜிஎன்ஐ பிபிபியில் 8,000 டாலர் என்று ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆயுளுக்கு வரம்பு 20 முதல் 85: 70-இல் 20 போக மிஞ்சும் 50-ஐ 65-ஆல் வகுத்தால் 0.769. கல்விக்கு உச்ச வரம்புகள் 18, 15 ஆண்டு; 12/18, 7/15 இரண்டின் சராசரி: 0.567. வருமானத்துக்கு வரம்பு 100 முதல் 75,000 டாலர், அதுவும் மடக்கையில் (லாகரிதம்): 0.662. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.661. நடுத்தர நிலை.

இப்போது வருமானத்தை 16,000 ஆக்குங்கள்: 0.694. வருமானத்தைத் தொடாமல் பெரியவர்களின் சராசரிப் படிப்பை மட்டும் 7-இலிருந்து 10 ஆண்டாக்குங்கள்: 0.698. மூன்று ஆண்டுப் படிப்பு, இரட்டிப்பு வருமானத்தையே சற்று விஞ்சுகிறது. மடக்கை இருப்பதால் 1,000 டாலர் 2,000 ஆவதும் 30,000 டாலர் 60,000 ஆவதும் வருமானக் குறியீட்டில் ஒரே அளவு ஏற்றம். இந்த எடைகள் மனிதர்கள் எடுத்த முடிவு, இயற்கை விதி அல்ல. 2010 அறிக்கைக்கு முன்புவரை மூன்றின் கூட்டுச் சராசரிதான் எடுத்தார்கள். அப்போது ஒன்றில் படுமோசமாக இருந்தாலும் மற்றொன்றால் முழுசாக ஈடுகட்ட முடிந்தது.

சராசரியின் பழைய நோய் எல்லா அளவிலும் உண்டு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தலா 10, ஒருவருக்கு 910 என்றால் சராசரி 100. நடுவில் நிற்பவருக்கு 10தான். இடைநிலை வருமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் அது வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. பெரும் பணக்காரர்கள் அந்தக் கேள்வித்தாளுக்குச் சிக்குவதில்லை.

ஓர் எண் திடீரென்று குதித்தால் முதலில் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளுக்கும் துறைகளின் எடைக்கும் அளவுகோலாக எடுத்த ஆண்டைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் நைஜீரியா அதை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. பழைய கணக்கில் சரியாகப் பிடிபடாத கைபேசிச் சேவை, திரைப்படத் துறை எல்லாம் உள்ளே வந்ததில் ஜிடிபி சுமார் 89 சதவீதம் கூடியது. அந்த அறிவிப்போடு தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் என்ற பெயரும் வந்தது. கூடவே கடன்–ஜிடிபி விகிதம், வரி–ஜிடிபி விகிதம் இரண்டும் ஒரே நாளில் இறங்கின. கடனில் ஒரு பைசா அடைக்கவில்லை, வரி வசூலிலும் ஒரு பைசா குறையவில்லை.