சுண்டிக்குளத்தில் ஒரு காலை

தை மாதத்தில் ஒருநாள் கமராவுடன் இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள சுண்டிக்குளம் களப்புக்குச் சென்றேன். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இவ்விடத்தில், கடலோர மணற்திட்டில் நின்று களப்பை நோக்கினால் காலைச் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். இதைவிட வசதியான ஒளியை வன்னியில் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒற்றையடிப் பாதையை விட்டு நான் விலகவில்லை. கண்ணிவெடிக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பூநாரைகளைப் படமெடுப்பதில் உள்ள சிக்கல் தூரமன்று, அவற்றின் தலை. அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நீரை வடிகட்டி அவை இரையுண்பதால், கண் தெரியும் ஒரேயொரு படத்துக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பளபளக்கும் நீர்ப்பரப்பில் ஏமாந்து கமரா பறவையைக் கருக்கச் செய்துவிடுமென்பதால் ஒளியளவைச் சற்றுக் கூட்டிவைத்தேன். கண்டல் மரங்களின் இருட்டில் நின்ற வெண்கொக்குக்கோ அதையே குறைக்க நேர்ந்தது.

பறக்கும் காட்சிக்காகக் கூட்டத்தைக் கலைப்போரும் உள்ளனர். நீரின்மேல் ஓடியே எழும்பும் இப்பறவைகளுக்கு அது வீண் களைப்பு என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்பது மணிக்குப் பின் கானல் எழுந்தது; அதன்பின் எடுத்த படங்களில் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை.