நல்லார்பரில் 40-ஆம் சேனல்

ஜூலை 4, போர்ட் அகஸ்டா

நாளையிலிருந்து ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளி வழியாக மேற்கே பயணம். கேரவனை (தங்கும் வசதியுள்ள இழுவண்டியை) இழுத்துக்கொண்டு நாங்கள் முன்னால், மச்சினன் குடும்பம் ஃபோர் வீல் டிரைவில் பின்னால். இரண்டு வண்டியிலும் யூ.எச்.எஃப். சி.பி. ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் பொது வானொலி, பொருத்தியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இதற்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் 5 வாட்டுக்கு மேல் சக்தி கூடாது. எல்லோருக்கும் அதே 5 வாட் என்பதால் காசைப் போட வேண்டிய இடம் ஆன்டெனாதான்.

ஆன்டெனாவின் திறனை டி.பி.ஐ. என்ற அளவில் சொல்வார்கள். 6 டி.பி.ஐ., 9 டி.பி.ஐ. என்று எண் ஏற ஏறப் பேச்சு தூரம் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சக்தி கூடுவதில்லை. மாவு உருண்டையைத் தட்டினால் அகலமாவதுபோல, மேலும் கீழும் வீணாகும் அலை பக்கவாட்டில் விரிகிறது, அவ்வளவுதான். சமவெளிக்கு அது சரி. மலைப்பாதையில் அதே தட்டையான அலை பள்ளத்தில் இருப்பவரின் தலைக்கு மேலே போய்விடும். அங்கே குட்டையான 3 டி.பி.ஐ. ஆன்டெனாதான் கேட்கும். நல்லார்பருக்குப் போகிறோம், நீளமானதையே மாட்டியிருக்கிறேன்.

ஜூலை 5, செடூனா

எந்தச் சேனல் என்று காலையிலேயே வாக்குவாதம். மச்சினனுக்கு 18 வேண்டும். கேரவன்காரர்கள் பேசிக்கொள்ளும் சேனல் அது. ஃபோர் வீல் டிரைவ் கூட்டங்களுக்கு 10. எனக்கோ 40. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் இருக்கும் இடம் அதுதான். "அத்தான், அங்கே வர்ற வார்த்தையெல்லாம் பிள்ளைங்க காதுல விழணுமா?" என்றான். நியாயம்தான், 40-ல் சில நேரம் காது கூசும். அதற்குச் சத்தத்தைக் குறைக்கலாம், சேனலை மாற்றக்கூடாது என்பது என் கட்சி.

கடைசியில் வண்டியில் பொருத்திய ரேடியோ 40, குடும்ப அரட்டைக்கு ஆளுக்கொரு வாக்கி டாக்கியில் 18 என்று முடிவானது. வண்டிக்குள்ளிருந்து வாக்கி டாக்கியில் பேசினால் தகரக் கூடு அலையைத் தடுக்கும். எங்களுக்குப் பின்னால் கேரவன் வேறு சுவர் மாதிரி நிற்கிறது. ரொம்பத் தூரம் எடுக்காது. பரவாயில்லை, அரட்டைக்கு அது போதும்.

மச்சினன் மகனுக்குச் சேனல் திருகுவது விளையாட்டு. 5-ம் 35-ம் அவசரத்துக்கு மட்டும், விளையாட்டுக்குத் தொட்டால் சட்டப்படி குற்றம் என்று சொல்லி வைத்தேன். 22, 23 இரண்டும் கருவிகள் தகவல் அனுப்ப ஒதுக்கியவை, அங்கே பேசவே கூடாது. "அப்போ மீதி எத்தனை மாமா?" என்றான். மொத்தம் 80, எண்ணிப் பார்த்துக்கொள் என்றேன். 2011-ல்தான் சேனல்களுக்கு நடுவே இருந்த அலைவரிசை இடைவெளியைப் பாதியாக்கி 40-ஐ 80 ஆக்கினார்கள். பழைய செட்காரர் பேசினால் நம் புது செட்டில் அலறுவதும், நாம் பேசுவது அவருக்குச் சன்னமாகக் கேட்பதும் அதனால்தான்.

ஜூலை 6, நல்லார்பர் ரோடுஹவுஸ்

இன்றைக்கு ரேடியோ தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

மதியம் பின்னால் ஒரு ரோடு டிரெயின், பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் லாரி. இந்தச் சாலையில் அது 36.5 மீட்டர் நீளம் வரும். கேரவனின் முதுகில் "யூ.எச்.எஃப். 40" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் கூப்பிட்டார், முன்னே போகவேண்டும், எதிரே ஏதும் வருகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சாலை காலி, வேகத்தை மாற்றமாட்டேன் என்றேன். புதியவர்கள் மரியாதைக்காக ஓரத்து ஜல்லியில் இறங்கி மெதுவாகப் போகிறார்கள். அது லாரிக்காரருக்கு உதவியே இல்லை. கல் பறக்கும், கேரவன் ஆட ஆரம்பிக்கும், அவருக்கும் நம் வேகம் பிடிபடாது. நேராக, ஒரே வேகத்தில் போகவேண்டும். அவர் வலப்பக்கம் வெளியே வந்து பக்கவாட்டில் ஏறிய பிறகுதான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேண்டும். காற்று முதலில் கேரவனைத் தள்ளும், அப்புறம் இழுக்கும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தால் போதும், திருப்பிச் சண்டை போடக்கூடாது.

கடைசிப் பெட்டி எங்கள் மூக்கைத் தாண்டியதும், "தாண்டிட்டீங்க, உள்ளே வரலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஒரு வரிக்காகத்தான் 40. அவ்வளவு நீள வண்டியின் வால் நம்மைத் தாண்டிவிட்டதா என்பதை அவருடைய கண்ணாடியைவிட நாம் தெளிவாகச் சொல்லமுடியும்.

நன்றி சொன்னவர், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்தார். இடது ஓரத்தில் செத்த கங்காரு, மேலே கழுகு, பார்த்து வாங்க என்றார். ஆப்பு வால் கழுகு. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல், வயிறு நிறைந்தால் எழும்பவே நேரம் எடுக்கும். வேகத்தைக் குறைத்துத்தான் போனோம். அது மெதுவாகத்தான் எழுந்தது.

ஜூலை 7, யூக்ளா

மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லைச் சோதனையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே வந்த கேரவன்காரர் 40-ல் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் ஆரஞ்சை எல்லாம் வழியிலேயே தின்று தீர்த்தோம். கடிகாரத்தை 45 நிமிடம் பின்னால் வைக்கவேண்டிய ஊர் இது. அதிகாரபூர்வமாக இல்லாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற நேரம்.

ஜூலை 8, பல்லடோனியா

கைகூனாவிலிருந்து இங்கே வரும் வழியில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. இந்தச் சாலையில் ஆங்காங்கே 'பறக்கும் டாக்டர்' எனும் அவசர மருத்துவச் சேவையின் விமானம் இறங்க ஓடுதளக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். தொலைபேசி பெரும்பாலும் எடுக்காத இடத்தில் 5 வாட் ரேடியோ எவ்வளவு காப்பாற்றும் என்று மனைவி கேட்டாள். வண்டிக்கு வண்டி சில கிலோமீட்டர், திறந்தவெளியில் கொஞ்சம் கூட. அதற்குள் ஒரு லாரி இருந்தால் அவர் மூலம் செய்தி கடத்தலாம். யாரும் இல்லையென்றால் அந்தரம்தான். அதனால் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறிப்பு அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனும் எங்கள் பையில் இருக்கிறது. சி.பி.யை நம்பி அதை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களை எனக்குப் புரியவில்லை.

முகாமில் கேரவனை ரிவர்ஸ் எடுத்தபோது மனைவி பின்னால் வாக்கி டாக்கியுடன். "இடது, இடது, நில்லு!" என்று கத்தல் இல்லாமல், காதருகே நிதானமான குரல். ஆளில்லாத சேனலில், குறைந்த பவரில் வைத்துக்கொண்டோம். பக்கத்துக் கேரவன் தம்பதி கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 9, நோர்ஸ்மன்

மச்சினன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான்: செட்டை ஸ்கேனில் போட்டு 18-ஐயும் 40-ஐயும் மாறி மாறிக் கேட்பது. கேட்பதற்குப் பிரமாதம். பதில் சொல்லும்போதுதான் சிக்கல், எந்தச் சேனலில் போகிறது என்று பார்க்காமல் மைக்கை அழுத்திவிட்டான். அக்காவின் சாம்பாரில் உப்பு அதிகம் என்ற விமர்சனம் தமிழில், முழுமையாக, 40-ல் போய்விட்டது. இரண்டு லாரிக்காரர்கள் எதுவும் புரியாமல் சிரித்தார்கள். புரிய வேண்டியவளுக்கு முன்சீட்டில் நன்றாகவே புரிந்தது.

நாளை எஸ்பெரன்ஸ். ஸ்கேனை அணைத்துவிட்டான்.